ஜன்னலோரத்துச் சிறுமி எதைப் பார்க்கிறாள்?

மொந்தெஸ்கூரோ
14 அக்டோபர் 2023

நான்காம் வகுப்பு ஆசிரியை அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் மாணவர்களும் நல்ல உடல்நலத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் முழங்கால்களைத் தவிர எனக்கும் குறையில்லை. முன்பின் தெரியாதவர்களுக்கு எழுதும்போது நலம் விசாரித்த பிறகே குற்றம் சொல்ல வேண்டும் என்று கன்னிமாடத்துப் பள்ளியில் மதர் எவுஃபேமியா எங்களுக்குக் கற்பித்தார். விசாரித்துவிட்டேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை எதிர்வீட்டு மரீஸா கைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுடைய பேத்தி பெர்கமோவில் தங்கள் பள்ளியில்தான் படிக்கிறாள். பள்ளியின் இணையப் பக்கத்தில் ஒரு படம். "எர்சிலியாம்மா, இங்க பாருங்க, உங்க பொண்ணு. பேரு கூடப் போட்டிருக்காங்க," என்றாள்.

பார்த்தேன். சரிகைத் திரை போட்ட ஜன்னல், சாய்வு நாற்காலி, வெள்ளை உடுப்பு, மடியில் ஜெபப் புத்தகம். என் மகள். படத்தின் கீழே ஜெரார்தா ஸ்கார்சா என்று எழுதியிருந்தது. அது என் மகளின் பெயர். அவள் 1973 செப்டம்பரில், எட்டு வயதில் இறந்துபோனாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மறுபடி படித்த பிறகுதான் அது ஆசிரியையின் பெயர் என்று புரிந்தது. நடுவில் இருந்த அந்தச் சில நொடிகளை நான் தங்களுக்கு விவரிக்கப் போவதில்லை.

படத்தை எடுத்தவர் என் கணவர் வீத்தோ ஸ்கார்சா. இந்த ஊரில் நாற்பத்தொரு வருடம் ஸ்டுடியோ வைத்திருந்தார். அவர் எடுத்த ஒவ்வொரு படத்தின் வலது கீழ் மூலையிலும் அவருடைய பெயர் முத்திரை இருக்கும். தாங்கள் போட்டிருக்கும் படத்தில் அந்த மூலையே இல்லை. சுற்றிலும் பிள்ளைகள் எழுதிய கதைகள். 'ஜன்னலோரத்துச் சிறுமி எதைப் பார்க்கிறாள்?' என்பது தலைப்பு. ஒருவன் அவளுக்குத் தொப்பி வரைந்திருக்கிறான்.

யாரைக் கேட்டு என் மகளைச் சுவரில் ஒட்டினீர்கள்? உடனே எடுத்துவிட வேண்டும். எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன்.

மரியாதையுடன்,
எர்சிலியா லபோல்லா
(வீத்தோ ஸ்கார்சாவின் விதவை)


பெர்கமோ
25 அக்டோபர் 2023

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். நான் நலம். ஆனால் கையால் எழுதத் தொடங்கி மூன்று தாள்களைக் கிழித்துவிட்டேன். அதனால்தான் தட்டச்சு செய்கிறேன், மன்னியுங்கள்.

எந்தச் சமாதானமும் சொல்லப் போவதில்லை. கதை எழுதும் பாடத்துக்கு ஒரு பழைய படம் தேடினேன். ஆயிரக்கணக்கில் படங்கள் கொட்டிக் கிடக்கும் ஒரு தளத்தில் இது இருந்தது. யார் படம், எந்த ஊர் என்று எதுவும் இல்லை. பெயர் இல்லாததால் சொந்தக்காரரும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். மூலையில் பாதி எழுத்து மாதிரி ஏதோ இருந்தது. அழுக்கு என்று நினைத்து வெட்டிவிட்டேன்.

தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். "ஐம்பது வருஷத்துப் படம். யாரு வந்து கேக்கப் போறாங்க?" என்றார். கேட்டுவிட்டார்கள் என்று உங்கள் கடிதத்தை மேசையில் வைத்தேன். இந்த வாரம் எல்லாம் எடுக்கப்பட்டுவிடும்.

அம்மா, இன்னொன்று. என் அப்பா டொனாத்தோ ஸ்கார்சாவும் மொந்தெஸ்கூரோக்காரர்தான். எனக்கு ஏழு வயதில் நாங்கள் இங்கே வந்தோம். ஊரில் ஒரு பெரியப்பா போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார் என்று அப்பா சாவதற்கு முன்பு ஒரே ஒரு தடவை சொன்னார். ஊர்ப் பேச்சை எடுத்தால் அம்மா எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். எனக்குப் பாட்டியின் பெயர் வைத்தார்கள் என்று தெரியும். உங்கள் மகளுக்கும் அதே பாட்டியின் பெயர்தானா? நீங்கள் என் பெரியம்மாவா?

வெட்கத்துடன்,
ஜெரார்தா (வீட்டில் தீனா)


மொந்தெஸ்கூரோ
2 நவம்பர் 2023

ஜெரார்தா,

நலம் என்று எழுதியிருக்கிறாய், மகிழ்ச்சி. எனக்கு இருமல், வேறொன்றுமில்லை. தட்டச்சு செய்த கடிதத்துக்கு நான் பதில் எழுதுவதில்லை. இந்த ஒரு முறை எழுதுகிறேன்.

ஆமாம், நான் உன் பெரியப்பாவின் மனைவி. நம் வழக்கப்படி இரண்டு அண்ணன் தம்பிகளும் தங்கள் மூத்த பெண்ணுக்குத் தாயின் பெயரை வைத்தார்கள். ஒரே முற்றத்தில் இரண்டு ஜெரார்தா. கூப்பிட்டால் இரண்டு பேரும் ஓடி வருவீர்கள் என்பதால் சின்னவளான நீ தீனா ஆனாய். இதற்கும் படத்துக்கும் சம்பந்தமில்லை.

பெயர் இல்லாததால் சொந்தக்காரர் இல்லை என்கிறாய். கடைத்தெருவில் வழிதவறி நிற்கும் குழந்தையையும் அப்படித்தான் வீட்டுக்குக் கூட்டிப் போவாயா? நீ அழுக்கு என்று வெட்டியது உன் சொந்தக் குடும்பப் பெயர். நல்லவேளை, என் கணவர் இல்லை. அவர் போன பிறகு நெகடிவ் பெட்டிகளை ஊர் நூலகத்துக்குக் கொடுத்தேன். கல்யாணப் படங்களின் பெட்டிக்குள் இந்தப் பிரதி எப்படியோ போயிருக்கிறது. அவர்கள் இணையத்தில் பெயருடன்தான் போட்டார்கள். பிறகு யாரோ எடுத்து, வெட்டி, இன்னொருவர் எடுத்து, இன்னும் வெட்டி, உன்னிடம் வந்திருக்கிறது.

இன்று இறந்தோர் திருநாள். காலையிலேயே செவ்வந்தி வாங்கிக்கொண்டு கல்லறைக்குப் போய்வந்தேன். அங்கே கல்லில் பதித்திருக்கும் அவளுடைய பீங்கான் படமும் இதேதான். இது ஒன்றுதான் இருக்கிறது.

ஒரு கேள்வி. ஆயிரக்கணக்கில் படங்கள் இருந்தன என்கிறாயே, ஏன் இதை எடுத்தாய்?

உன் தாய் அஸ்ஸுந்தா நலமா? நான் எழுதியதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

எர்சிலியா லபோல்லா


பெர்கமோ
19 நவம்பர் 2023

அன்புள்ள பெரியம்மா,

இருமலுக்குத் தேனும் பாலும் குடிக்கிறீர்களா? அம்மா நலம். எழுபத்தொன்பது வயதிலும் என் சமையலில் உப்பு சரியில்லை என்று சொல்லும் அளவுக்கு நலம். நீங்கள் சொன்னபடி அவளிடம் எதுவும் சொல்லவில்லை. ஏன் சொல்லக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இது கையால் எழுதியது, பாருங்கள்.

சுவரைக் காலி செய்துவிட்டோம். இணையப் பக்கத்திலும் இல்லை. பிள்ளைகளிடம் நடந்ததைச் சொன்னேன். இனி படம் எடுத்தவர் பெயர் தெரியாமல், கேட்டு வாங்காமல், எதையும் வகுப்பில் மாட்ட மாட்டேன் என்று அவர்கள் முன்னால் ஒப்புக்கொண்டேன். ஒருத்தி கையைத் தூக்கினாள்: "டீச்சர், படத்துல இருக்கறவங்க செத்துப்போயிருந்தா யாருகிட்ட கேக்கறது?" அம்மா அப்பாவிடம் என்றேன். "அவங்களும் செத்துட்டா?" என்றாள்.

பிறகு உட்கார்ந்து தேடினேன். அவள் இன்னும் ஒன்பது இடங்களில் இருக்கிறாள், பெரியம்மா. தனிமையைப் பற்றிய ஒரு மருத்துவத் துண்டறிக்கையில், ஒரு திரைத்துணிக் கடையின் விளம்பரத்தில், ஒரு பேய்க்கதைப் பக்கத்தில். ஒவ்வொருவருக்கும் எழுதினேன். நான்கு பேர் எடுத்துவிட்டார்கள். மற்றவர்களை விடமாட்டேன்.

ஏன் இந்தப் படம் என்று கேட்டீர்கள். பல நாள் யோசித்தேன். மற்ற படங்களை நான் பார்த்தேன். இது என்னைப் பார்த்தது. வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. பிள்ளைகள் எழுதியதும் விசித்திரமாகத்தான் இருந்தது. பூனையைப் பார்க்கிறாள், கடலைப் பார்க்கிறாள் என்று எல்லாரும் எழுத, அமீனா என்கிற பெண் ஒரே வரி எழுதினாள்: "அவ பாக்கல. அவளுக்குள்ளேர்ந்து வேற யாரோ பாக்கறாங்க." தொமாஸோ என்கிற பையன் முதல் நாளே, "டீச்சர், இது நீங்கதானே? கண்ணு அப்படியே இருக்கு," என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். இப்போதுதானே தெரிகிறது, பெரியப்பா மகள். சாயல் இருக்கத்தானே செய்யும்.

அன்புடன்,
தீனா


பெர்கமோ
14 டிசம்பர் 2023

அன்புள்ள பெரியம்மா,

உங்களிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு முடியவில்லையா? மரீஸாவின் மருமகளிடம் விசாரித்தேன். ஞாயிறு பூசைக்கு வந்தீர்கள், கையுறை கூடப் போட்டிருந்தீர்கள் என்று மாமியார் போனில் சொன்னாராம். அப்படியானால் கோபம்.

நேற்று புனித லூசியா திருநாள். இங்கே பிள்ளைகளுக்குப் பரிசு வரும் நாள். தட்டில் இரண்டு கண்களை ஏந்திக்கொண்டு நிற்கும் அந்தப் புனிதையின் படத்தை வகுப்பில் மாட்டுவதற்கு முன் பங்குச் சாமியாரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நான் எழுதியதில் எது உங்களைப் புண்படுத்தியது என்று சொன்னால் மன்னிப்புக் கேட்பேன். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

தீனா


மொந்தெஸ்கூரோ
8 ஜனவரி 2024

தீனா,

புத்தாண்டு உனக்கும் உன் தாய்க்கும் நன்மையாக அமையட்டும். எனக்குக் காய்ச்சல் இல்லை, கோபமும் இல்லை. எழுத வேண்டியது ஒன்று இருந்தது. எழுத வரவில்லை. அவ்வளவுதான்.

சமையலில் உப்பு சரியில்லை என்று அஸ்ஸுந்தா சொல்லும்படி வைத்துக்கொள்ளாதே.

இங்கே ஒரு வேலை வந்திருக்கிறது. கல்லறைச் சுவரில் மகளை வைத்து மூடிய மாடத்துக்கு ஐம்பது வருடக் குத்தகை முடிந்துவிட்டது. எலும்புகளை எடுத்துச் சிறிய பேழையில் வைத்து, வேறு சுவரில் மூடுவார்கள். புதுக் கல், அதில் பதிக்கப் புதிதாக ஒரு பீங்கான் படம். பழையதில் மழை பட்டுப் பட்டு நெற்றியில் விரிசல் விட்டிருக்கிறது. பீங்கான் படம் செய்பவர் மத்தேராவில் இருக்கிறார். இப்போதெல்லாம் அவரும் ஒரு படிவம் அனுப்புகிறார். படத்தை எடுத்தவர் யார்? உரிமை யாருடையது? படத்தில் காணப்படும் எல்லாரும், அல்லது அவர்கள் சார்பில் உரியவர்கள், சம்மதித்திருக்கிறார்களா? கட்டத்தில் குறி போட்டு, கீழே கையெழுத்து.

முதல் இரண்டையும் நிரப்பிவிட்டேன். மூன்றாவது நான்கு நாளாகச் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. பொய்யான குறி போட எனக்குக் கற்பிக்கப்படவில்லை.

எர்சிலியா லபோல்லா


பெர்கமோ
22 ஜனவரி 2024

அன்புள்ள பெரியம்மா,

நலமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நம்பவில்லை, ஆனாலும் மகிழ்ச்சி.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். படத்தில் ஒரே ஒரு சிறுமி. நீங்கள் அவளுடைய தாய். நீங்கள் சம்மதித்தால் போதும். பிறகு அந்தக் கட்டத்தில் எது தடுக்கிறது? யார் அந்த 'எல்லாரும்'?

ஒன்று சொல்கிறேன். என் சிறுவயதுப் படம் ஒன்றுகூட என்னிடம் கிடையாது. இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் அம்மா எல்லாவற்றையும் அடுப்பில் போட்டாள் என்று அப்பா சொன்னார். இறந்தோர் திருநாள் அன்று என்னை வீட்டை விட்டு வெளியே விடமாட்டாள். எனக்குப் பத்து வயது ஆகும்வரை தினமும் காலையில் என் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். மூச்சு வருகிறதா என்று. நான் விழித்துக்கொண்டு, தூங்குவது போல் நடிப்பேன்.

எனக்கு ஐம்பத்தேழு வயது. என்னிடம் சொல்லலாம்.

தீனா


மொந்தெஸ்கூரோ
20 பிப்ரவரி 2024

தீனா,

இந்தக் கடிதம் உன்னை நல்ல உடல்நலத்தில் சந்திக்கட்டும். படிக்கும்போது உட்கார்ந்துகொள்.

என் மகள் ஒரு நொடி அசையாமல் இருக்க மாட்டாள். ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளையும் அழகாகப் படம் எடுத்தவர், சொந்தப் பிள்ளையை எடுக்க முடியாமல் தோற்றார். எல்லாப் படத்திலும் அவள் வெறும் புகைதான். அடுத்த வருடம் கோவிலில் முதல் நற்கருணை வாங்கும்போது வெள்ளை உடுப்புப் போட்டால் நிற்பாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூளைக் காய்ச்சல் ஐந்து நாள். ஆறாம் நாள் அந்த உடுப்பை அவசரமாகத் தைத்தார்கள். நாற்காலியில் சாய்த்து, ஜன்னலோரம் வைத்து, அவர் எடுத்தார். அன்றைக்குத்தான் அவள் அசையாமல் இருந்தாள்.

கண்கள் மூடியிருந்தன. அந்தக் காலத்தில் கல்லறைப் படத்துக்கு அப்படி வைக்க மாட்டார்கள். படத்தில் கண் திறந்துவிடுவார்கள். அது அந்தத் தொழிலில் ஒரு வேலை, பலருக்கு அவரே செய்து கொடுத்திருக்கிறார். மெல்லிய தூரிகையால் வரைவார்கள். தன் மகளுக்கு வரைந்த கண்ணை வைக்க அவருக்கு மனம் வரவில்லை. படம் கழுவும் இருட்டறையை விட்டு நான்கு நாள் வெளியே வரவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார். "எர்சி, பாரு. முழிச்சிட்டா," என்றார்.

பார்த்தவுடன் எனக்குத் தெரிந்தது. தினமும் நம் முற்றத்தில் பார்த்த கண்கள். அந்த வசந்தத்தில் பள்ளிக்கூடத்துக்காக அவர் எடுத்த படத்திலிருந்து வெட்டி எடுத்திருந்தார். தீனா, அவை உன் கண்கள். உன் பெற்றோரிடம் அவர் கேட்கவில்லை. நான் "ஆமாம், முழிச்சிட்டா" என்றேன். கணவரிடம் நான் சொன்ன முதல் பொய்.

இறந்தோர் திருநாளன்று அஸ்ஸுந்தா கல்லறைக்கு வந்தாள். பிறகு நேராக என் சமையலறைக்கு வந்து, அது யாருடைய கண் என்று கேட்டாள். "அக்கா தங்கச்சி மாதிரி வளந்தவங்க. சாயல்தான்," என்றேன். நீ உன் கடிதத்தில் எழுதிய அதே சொல். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ஜனவரியில் நீங்கள் ஊரை விட்டுப் போனீர்கள். என் கணவரும் உன் அப்பாவும் அதன் பிறகு ஒருவரையொருவர் பார்க்கவேயில்லை.

ஐம்பது வருடமாகப் பூ வைக்கப் போகிறேன். அவள் என்னை, எதிர்வீட்டு அம்மாவைப் பார்ப்பது போலப் பார்ப்பாள். வணக்கம் சொல்வாள், அம்மா என்று சொல்ல மாட்டாள். நான் உன்னிடம் முதல் கடிதத்திலேயே யாரைக் கேட்டு ஒட்டினாய் என்று எழுதினேன். எழுதும்போதே அந்தக் கேள்வி யாரை நோக்கியது என்று எனக்குத் தெரியும்.

மூடிய கண்களுடன் உள்ள படம் ஓர் உறைக்குள் இருக்கிறது. நான் திறந்ததில்லை.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்றாவது கட்டம் உன்னுடையது. மறுத்தாலும் அது உன் உரிமை. மறுத்தால், அவளுக்கு முகமில்லாத கல்தான்.

எர்சிலியா


பெர்கமோ
18 மார்ச் 2024

அன்புள்ள பெரியம்மா,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? உண்மையாகவே கேட்கிறேன்.

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. அதில் இரண்டு வாரம் கண்ணாடியைப் பார்க்காமல் தலைவாரினேன்.

உங்கள் வார்த்தையை மீறி, கடிதத்தை அம்மாவிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தாள். ஊரைப் பற்றி அவள் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். "கல்லுல உன் பேரு. மேல உன் கண்ணு. நீ என் கையைப் புடிச்சுக்கிட்டு நிக்கற. 'அம்மா, நான் ஏன் அங்க இருக்கேன்?'னு கேட்ட. எது நெசம்னு எனக்கு ஒரு நிமிஷம் தெரியலடி," என்றாள்.

எனக்கு அது நினைவில்லை. நினைவில்லாதது நல்லது என்றாள்.

கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டேன். பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள், முழுவதையும் உரித்து முடித்தாள். பிறகு சொன்னாள்: "வீத்தோ மச்சான் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேன். பிள்ளையைப் பறிகொடுத்தவங்களுக்கு இல்லேன்னு சொல்வேனா? கேக்காம எடுத்தாரு. அவ கேட்டாளா இப்ப? அப்ப போடு."

போட்டிருக்கிறேன். படிவம் உறைக்குள் இருக்கிறது. என் சிறுவயதின் ஒரே மிச்சம் அந்தக் கண்கள்தான் என்று தெரிந்தும் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
தீனா


மொந்தெஸ்கூரோ
12 ஏப்ரல் 2024

அன்புள்ள தீனா,

நான் நலம். உண்மையாகவே பதில் சொல்கிறேன். நன்றாகத் தூங்குகிறேன்.

உன் கையெழுத்துப் போட்ட படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். தேவைப்படவில்லை. அஸ்ஸுந்தாவிடம், நான் சமையலறையில் பொய் சொன்னேன் என்று சொல். மன்னிப்பை நான் நேரில்தான் கேட்க வேண்டும். ஜூனில் பள்ளி விடுமுறை விட்டதும் நீங்கள் வருவதாக இருந்தால் மாடி அறையை வெள்ளையடித்து வைக்கிறேன்.

உன் கையெழுத்தைப் பார்த்த அன்று அவருடைய பீரோவின் அடித்தட்டைத் திறந்தேன். கெட்டுப்போன படங்களை அவர் தூக்கியெறிந்துவிட்டார் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். முப்பத்தொன்று இருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி போட்டு, 'அசைந்துவிட்டாள்' என்று எழுதியிருக்கிறார். எட்டு வருடம், முப்பத்தொரு முறை, அதே சொல்.

உறையையும் திறந்தேன். கண்கள் மூடியிருந்த அவளை ஐந்து நிமிடம் பார்த்தேன். அது அவள்தான், சந்தேகமே இல்லை. அதைக் கல்லில் போட மாட்டேன். பேழைக்குள் அவளோடு வைத்து மூடச் சொன்னேன், விரிசல் விட்ட பழைய பீங்கானை உடைக்காமல் கவிழ்த்து அதன் மேலே.

கல்லுக்கு அந்த முப்பத்தொன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். முற்றத்தில் எடுத்தது. கோழிகள் சிதறுகின்றன. நடுவில் ஒரு வெள்ளைப் புகை, அதற்குக் கால்கள் இருக்கின்றன, பறக்கும் முடி இருக்கிறது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருக்கிறது. மத்தேராக்காரர் போனில், "அம்மா, இது கலங்கலா இருக்கு. முகமே தெரியல. வேற குடுங்க," என்றார். என் மகளை எனக்குத் தெரியும் என்றேன். எடுத்தவர் பெயர் எழுதினேன். தாயின் சம்மதம் எழுதினேன். மூலையில் முத்திரை முழுதாகத் தெரிய வேண்டும் என்று தனியாக எழுதிக் கொடுத்தேன்.

உன் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிவிடு. அமீனா சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். ஜெரார்தா எதையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தாள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. படத்தின் இடது ஓரத்தில் இன்னொரு சின்னக் கை தெரிகிறது, முழங்கை வரை. அவளுடைய விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அது உன் கை. வெட்டச் சொல்லட்டுமா, இருக்கட்டுமா? புதுப் படிவம் உள்ளே இருக்கிறது. உன் பதில் வரும்வரை வேலையைத் தொடங்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். இத்தனை வருடம் கழித்து ஒரு தபால் வருவதற்காகக் காத்திருப்பதில் எனக்குச் சிரமமில்லை.

உன் தாயின் கைகளுக்கு என் முத்தம்.

உன் பெரியம்மா,
எர்சிலியா